கொல்லைக்குப் போச்சா?

எங்கள் சமையலறை மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் இருக்கும். பால் கணக்கு என்று நினைத்து அம்மா ஒருநாள் அதைத் திறந்துவிட்டாள். 'செவ்வாய், காலை 5.40, இரண்டு துண்டு, கெட்டி.' 'புதன், இல்லை.' 'வியாழன், இரவு 9.15, நான்கு துண்டு, பதம்.' எங்கள் பூனை முத்து எப்போது மலம் கழித்தான், எவ்வளவு, எப்படி என்பதன் கணக்கு அது. நான்கு வருடமாக எழுதிவருகிறேன். இது ஆறாவது நோட்டு.

சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கொல்லை கிடையாது. பால்கனி ஓரத்தில் மணல் நிரப்பிய ஒரு ட்ரேதான் முத்துவுக்கு எல்லாம். ஆனாலும் விடியற்காலையில் காபிக்குப் பால் வைப்பதற்கு முன்னால் அந்த ட்ரேயைப் போய்ப் பார்க்கும்போது, என் வாயில் தானாக வருவது "கொல்லைக்குப் போச்சா?" என்பதுதான். அது என் கேள்வி அல்ல. என் அப்பாயி கேட்டது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1978-ல் எனக்குப் பத்து வயது. வீட்டில் பேரப்பிள்ளைகள் ஏழு பேர். அப்பாயி விடிந்ததும் வேப்பங்குச்சியோடு கொல்லை வாசற்படியில் உட்கார்ந்துவிடும். கிணற்றடிக்கு முகம் கழுவப் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தும். "கொல்லைக்குப் போனியாடி?" தஞ்சாவூர்ப் பக்கத்தில் வீட்டின் பின்புறத்துக்கும் அந்தக் காரியத்துக்கும் ஒரே சொல்தான். போனேன் என்று பொய் சொன்னால் தப்ப முடியாது. நாக்கை நீட்டச் சொல்லும். தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கும். இரண்டு நாள் ஆகியிருந்தால் அன்று ராத்திரி வெந்நீரில் விளக்கெண்ணெய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் எல்லோருக்கும் பேதிக்குக் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு மத்தியானம் ரசஞ்சோறு மட்டும்தான். கைக்குழந்தைக்கு மலம் கட்டிக்கொண்டால், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் மெல்ல வைக்கும். சற்று நேரத்தில் குழந்தை இளகிப் போகும், அழுகை நிற்கும். அந்த வீட்டில் யாருடைய வயிறும் அப்பாயிக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

பூனைகளின் வயிற்றைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. நாலைந்து பூனைகள் எப்போதும் இருந்தன. பேர் வைத்ததில்லை. நிறத்தைச் சொன்னால் போதும். கூடத்துக்கு அடுத்த அறையில் பத்தாயம். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் பூனை இருக்கும். ராத்திரி வயலுக்கும் வைக்கோல் போருக்கும் போய்விட்டு விடியலில் வரும். வாய்க்கால் வற்றும் காலத்தில் கெண்டையும் கெளுத்தியும் வந்தால், அப்பாயி மீன் அலசுகிற கல்லைச் சுற்றித் தலைக்கும் குடலுக்கும் காத்திருக்கும். எருக்குழி ஓரத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைப்போம். பூனைகள் அங்கே குழி பறிக்கும், உட்காரும், மூடும், முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். போயிற்றா, எத்தனை நாளாயிற்று, இறுகலா இளகலா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன் இருந்தது. சாம்பல் குவியலில் அது வந்து உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒருநாள் அது அங்கே குந்திக்கொண்டே இருந்தது. எழுந்து நாலடி நடந்தது, திரும்பவும் வந்து குந்தியது. அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தோம். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அதைக் காணவில்லை. அப்பாயியைக் கேட்டதற்கு, "கடுவன்தானே, வேற ஊருக்குப் போயிருக்கும்" என்றது. நாங்களும் மறந்துவிட்டோம்.

முத்து 2016-ல் வந்தான். தெருவில் நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியில் கிடந்தான். ஏழு மாதக் குட்டி. டூவீலர் ஒன்று ஏறிப்போயிருந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டே வந்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கூண்டில் அசையாமல் வைத்தால் கூடிவிடும் என்றார் டாக்டர். ஆறு வாரம் வைத்திருந்தோம். கூடியது. நடந்தான், ஓடினான், பீரோ மேல் ஏறினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். கருத்தடை செய்தோம். கடையில் விற்கிற உலர்தீனியை வாங்கிக் கிண்ணத்தில் போட்டு வைத்தோம். கெடாது, நாறாது, எறும்பு வராது. நான் வேலைக்குப் போகிறவள், எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்து வருடம் கழித்து ஒரு ராத்திரி ட்ரேயில் மணல் பறிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். முத்து குந்தியிருந்தான். முதுகு வளைந்திருந்தது. எழுந்து வெளியே வந்தான், திரும்ப ஏறினான். அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான். பிறகு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் சாம்பல் குவியலில் கேட்ட அதே சத்தம். அன்றைக்குச் சிரித்த நான் அந்த ராத்திரி தரையில் உட்கார்ந்து நடுங்கினேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். வேப்பேரியில் படித்த சின்னப் பெண். அந்தக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் சொல்லிக்கொடுத்த இடத்திலிருந்து, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பூனைக்காகப் போனை எடுக்கிற டாக்டர்கள் இன்று வருகிறார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்க்காதது. "மூத்திரம் போறானா மேடம்?"

ட்ரேயில் போய் முக்குகிற ஆண்பூனை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமாம். மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டாலும் பூனை இப்படியேதான் குந்தும், இப்படியேதான் கத்தும். பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அடைப்பு நீங்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். நான் மணலைக் கிளறிப் பார்த்தேன். மூத்திரம் பட்டுக் கட்டியான உருண்டைகள் புதிதாக இருந்தன. "அப்போ காலையில கூட்டிட்டு வாங்க. கடைசியா எப்போ மலம் போனான்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் நான்தான் ட்ரேயைச் சுத்தம் செய்கிறேன். அள்ளிக் கொட்டியிருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை.

காலை வரை பொறுக்க முடியாமல், இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடைக்கு என் வீட்டுக்காரரை அனுப்பினேன். மனிதர்களுக்குக் கொடுக்கிற எனிமா பாட்டில் ஒன்றை வாங்கி வந்தார். எப்படிக் கொடுப்பது என்று கேட்கத் திரும்பப் போன் செய்ததுதான் முத்துவைக் காப்பாற்றியது. "மேடம், தயவுசெஞ்சு கொடுத்துடாதீங்க" என்று டாக்டர் பதறினார். அதில் இருப்பது சோடியம் பாஸ்பேட். பூனையின் உடம்பில் அது ரத்தத்தின் பாஸ்பேட் அளவை ஏற்றி, கால்சியத்தை இறக்கி, கொன்றே விடும். விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் ஊற்றலாமா என்று கேட்டேன். வாயில் எந்த எண்ணெயும் ஊற்றாதீர்கள், திமிறும்போது நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். ஆசனவாயில் வைப்பது, வாயில் ஊற்றுவது என்று அப்பாயி எனக்குக் கொடுத்துவிட்டுப் போன இரண்டு வழியுமே அந்த ராத்திரி கைக்கு உதவவில்லை.

காலையில் டாக்டர் முத்துவின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். அப்பாயி எங்களை அழுத்திப் பார்த்த அதே இடம். "தொட்டுப் பாருங்க" என்று என் கையை வைத்தார். கூழாங்கற்களைக் கோத்த மாதிரி கெட்டி உருண்டைகள் வரிசையாக விரலில் பட்டன. எக்ஸ்ரேயில் காரணமும் தெரிந்தது. குட்டியாக இருந்தபோது உடைந்த இடுப்பெலும்பு கொஞ்சம் உள்வாங்கிக் கூடியிருந்தது. மலம் கடந்துவர வேண்டிய எலும்பு வளையம் குறுகிவிட்டது. மெல்லிய மலம் இத்தனை வருடம் எப்படியோ போய்வந்திருக்கிறது. ஒருநாள் தங்கிய மலம் மறுநாள் இறுகியிருக்கிறது. பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். மலம் உள்ளே எத்தனை நேரம் இருக்கிறதோ அத்தனை வறண்டு கல்லாகும். கல்லானதைத் தள்ளத் தள்ளக் குடல் விரியும். விரிந்த குடல், நைந்துபோன ரப்பர் மாதிரி, பிறகு சுருங்க மறந்துவிடும். ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் நீளத்தை அளந்து, குடலின் அகலம் அதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் 'மெகாகோலன்' என்று கணக்கிடுவார்களாம். முத்து அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தான்.

முதலில் நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, வெதுவெதுப்பான உப்பு நீரைக் குழாயில் சிறிது சிறிதாகச் செலுத்தி, கையுறை போட்ட விரலால் உடைத்து உடைத்து எடுத்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்து ஏழு மாதத்தில் மறுபடியும் அதே அவஸ்தை. அப்போதுதான் நோட்டு வாங்கினேன்.

ஊரில் ஒன்றும் செய்யாமலே நடந்ததை இங்கே ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால், மேற்காசியாவில் மனிதர்கள் தானியம் சேர்க்கத் தொடங்கியபோது, எலிக்காக ஊருக்குள் வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததைக் கண்டு 2004-ல் வெளியிட்டார்கள். அத்தனை வருடமாகியும் அதன் தாகம் மாறவில்லை. தேடிப்போய்க் குடிப்பது அதன் பழக்கம் இல்லை. எலியின் உடம்பில் எழுபது சதவீதம் தண்ணீர். அதைத் தின்றால் தாகமும் தீர்ந்துவிடும். முத்து ஐந்து கிலோ. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 மில்லி தண்ணீர் வேண்டும். நான் கிண்ணத்தில் போட்டு வைத்த 60 கிராம் உலர்தீனியில் 6 மில்லிதான் இருந்தது. எனக்கு வசதியாக இருந்த அந்த வறட்சி அவன் குடலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உலர்தீனியை நிறுத்தினேன். ஊர்ப் பழக்கத்தில் வெறும் மீனை வேகவைத்துப் போட்டுவிடலாம் என்று கிளம்பியபோது டாக்டர் அதையும் தடுத்தார். டாரின் என்கிற சத்துக் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும். இதை 1987-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். எலியை முழுதாகத் தின்கிற பூனைக்கு அது தானாகவே கிடைத்துவிடும். வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் போட்டால் கிடைக்காது. ஆகவே சத்து சேர்த்த ஈரத்தீனிதான் சாப்பாடு. முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் உள்ளது. அதிலும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்து வைக்கிறேன். வீட்டில் நாலு இடத்தில் அகலமான தண்ணீர்க் கிண்ணங்கள்.

மருந்து லாக்டுலோஸ். மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே இனிப்பு சிரப்தான். குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். அவன் எடைக்கு டாக்டர் சொன்ன அளவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலையும் இரவும் விடுகிறேன். இளகிப்போனால் குறைக்க வேண்டும், அதற்கும் நோட்டுதான் வழி. வேகவைத்த பரங்கிக்காய் நல்லது என்று நிறையப் பேர் சொன்னார்கள். சில பூனைகளுக்கு அது உதவும். குடல் விரிந்துவிட்ட பூனைக்கு நார்ச்சத்து அதிகமானால் மலத்தின் பருமன் கூடித் தொல்லைதான் மிஞ்சும் என்றார் டாக்டர். என் சித்தி மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் பூனைக்குக் குடலைச் சுருங்கவைக்கும் சிசாப்ரைடு கொடுக்கிறாள். இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்று 2000-ல் அங்கே மனிதர்களுக்கு நிறுத்திய மருந்து. பூனைகளுக்கு மட்டும் தனியாகத் தயாரித்துத் தருகிறார்கள். முத்துவுக்கு வழியே குறுகலாக இருக்கிறது. குறுகிய வழியில் பலமாகத் தள்ளக்கூடாது என்பதால் அது அவனுக்கு ஆகாது. மற்றொரு பூனைக்குச் சரியானது இந்தப் பூனைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு நோட்டு ஆயிற்று.

ட்ரேயையும் மாற்றினேன். பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், ஒரு பூனைக்கு இரண்டு ட்ரே வேண்டும், அழுக்காக இருந்தால் அடக்கிக்கொள்ளும், அடக்கினால் இறுகும். பூனை மணல் எப்படி வந்தது என்று படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பூனைக்கு மணல் கேட்டு வந்தாளாம். அதுவரை அவள் போட்டது அடுப்புச் சாம்பல். வீடெங்கும் சாம்பல் கால்தடம் பதிந்து அவளுக்குத் தாளவில்லை. லோ தன்னிடம் இருந்த களிமண் துகளைக் கொடுத்தார். உலகமெங்கும் இன்று விற்கிற பூனை மணல் அதிலிருந்து வந்தது. எங்கள் எருக்குழி ஓரத்துச் சாம்பலையும் முத்துவின் ட்ரேயையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தேன். நடுவில் காணாமல் போனது அந்தக் கடுவன் மட்டும்தான்.

இரண்டு நாள் முழுதாகப் போகாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அவன் வாந்தி எடுத்தாலோ, தின்ன மறுத்தாலோ இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு நீராகக் கசிந்தால், பேதி என்று ஏமாறக் கூடாது. இவ்வளவும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக முத்துவுக்கு எனிமா தேவைப்படவில்லை. இது தீரும் நோயில்லை. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய்.

அம்மா அந்த நோட்டைத் திறந்த நாளில் நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் கடுவனையும் சொன்னேன். "மனுஷங்க வயித்தையெல்லாம் தெரிஞ்சுவச்சிருந்த அப்பாயி, அந்தப் பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்கலையேம்மா."

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு யாருடி அப்படிச் சொன்னது? அத்தைதான் அதை வைக்கப்போருக்கு அடியில கண்டுபிடிச்சாங்க. ராத்திரி அரிக்கேன் விளக்கை என்னைப் பிடிக்கச் சொல்லிட்டு, வெத்தலைக் காம்புல எண்ணெய் தொட்டு, பச்சப்புள்ளைக்கு வைக்கிற மாதிரியே வச்சுப் பார்த்தாங்க. அது புறங்கையைக் கிழிச்சிடுச்சு. விடலை. ரெண்டு நாள் வெந்நி ஒத்தடம் கொடுத்தாங்க. மூணாம் நாள் விடியல்ல செத்துப்போச்சு. நீங்க எந்திரிக்கறதுக்குள்ள தென்னம்புள்ளைக்கு அடியில பொதைச்சுட்டு வந்துட்டாங்க. புள்ளைங்க கிட்டச் சொல்லாதேன்னாங்க."

அப்பாயியின் வலது புறங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. கேட்டால் அரிவாள்மணை என்று சொல்லும். நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறோம்.

அந்தக் கடுவனுக்கு அடைத்தது மலமா, மூத்திரமா என்று பார்க்க அப்பாயியிடம் எக்ஸ்ரே இல்லை. மன்னார்குடி மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாது. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை, தன் பேரக்குழந்தைக்குச் செய்ததை, அது செய்துபார்த்திருக்கிறது. எனக்கு இருப்பதெல்லாம் அதற்கு இருந்திருந்தால், ராத்திரி பதினோரு மணிக்குப் போனை எடுக்கிற ஒரு டாக்டர் இருந்திருந்தால், அந்தப் பூனை பிழைத்திருக்கலாம்.

நான் எழுந்து அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ராத்திரி எழுந்திருக்கப் பயந்து தண்ணீரைக் குறைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூனைக்கு ஆறு நோட்டு எழுதிய நான் அவளைக் கேட்கவில்லை.

"நீ கொல்லைக்குப் போனியாம்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "நாலு நாளாச்சுடி. அந்த நாற்காலி மாதிரி இருக்கறதுல உக்காந்தா வரமாட்டேங்குது. எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

அன்று மாலையே அவளுடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன முக்காலி வாங்கினேன். படுக்கைக்குப் பக்கத்தில் ராவிளக்கு போட்டேன். தண்ணீர்ச் செம்பை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது அம்மா எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. நோட்டு மேடையில் திறந்து கிடந்தது. நடுங்குகிற கோணல் எழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: 'வெள்ளி, காலை 4.50, முத்து, மூணு துண்டு, பதம்.' அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'நானும்.'